கல்லும் தர்க்கமும் காவியமும்

1144-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 11-ஆம் நாள், பாரிஸ் நகருக்கு வடக்கே சில மைல் தொலைவிலுள்ள சான் தெனி மடாலயத்தில், மன்னன் ஏழாம் லூயியும் அரசி எலினோரும் பேராயர்களும் பிரபுக்களும் குழுமியிருக்க, புதிதாகக் கட்டப்பெற்ற பலிபீடப் பகுதி சமய முறைப்படி அர்ப்பணம் செய்யப்பட்டது. தடித்த சுவர்களுக்கிடையே சிறு சாளரங்கள் வழியாக மட்டுமே வெளிச்சம் கசிந்த ஆலயங்களைப் பார்த்துப் பழகிய கண்கள், மெல்லிய தூண்களுக்கு இடையே சுவரே வண்ணக் கண்ணாடியாக மாறி நின்ற ஒரு மண்டபத்தை அன்று கண்டன. பிற்காலத்தார் கோதிக் என்று பெயரிட்டு வழங்கிய கட்டடக் கலையின் பிறந்தநாளாக வரலாற்றாசிரியர் பலரும் அந்நாளையே சுட்டுவர். அதற்கு 129 ஆண்டுகள் கழித்து, 1273-இல், தாமஸ் அக்குவினாஸ் என்னும் துறவி தம் மாபெரும் இறையியல் தொகை நூலை முற்றுப்பெறாத நிலையிலேயே நிறுத்திவிட்டார். 1321-இல் தாந்தே என்னும் கவிஞர், நூறு காண்டங்கள் கொண்ட தம் காவியத்தை முடித்த சிறிது காலத்தில், நாடு கடத்தப்பட்டவராகவே ராவென்னா நகரில் உயிர் நீத்தார்.

ஆலயம், தொகை நூல், காவியம் ஆகிய இம்மூன்றையும் கட்டடக்கலை வல்லுநரும் தத்துவ ஆசிரியரும் இலக்கிய ரசிகரும் தனித்தனியே ஆராய்ந்து வந்துள்ளனர். மூன்றையும் ஒருங்கே வைத்து நோக்கினால், அவற்றின் அடியில் ஒரே மனப்பயிற்சி ஓடுவது புலனாகும். எதிர்விசையை அழித்துவிடாமலும் மறைத்துவிடாமலும், அதற்குரிய இடத்தை அமைப்புக்குள்ளேயே வகுத்துக் கொடுத்து, அதைக் கொண்டே அமைப்பை நிலைநிறுத்துவதுதான் அந்தப் பயிற்சி. மத்திய கால ஐரோப்பாவின் மேன்மை இப்பயிற்சியில் அடங்கியிருந்தது என்பதும், அதன் வீழ்ச்சிகள் இப்பயிற்சியைக் கைவிட்ட இடங்களில் நேர்ந்தன என்பதும் இக்கட்டுரை நிறுவ முயலும் கருத்துகள்.

மடாதிபதியின் உத்தரங்கள்

சான் தெனியைப் புதுப்பித்தவர் சுஜேர் என்னும் மடாதிபதி. ஏறத்தாழ 1081-இல் எளிய குடும்பத்தில் பிறந்து, சிறுவனாகவே மடத்துக்கு ஒப்படைக்கப்பட்டு, 1122-இல் அதன் தலைமையை ஏற்றவர். ஆறாம் லூயிக்கும் ஏழாம் லூயிக்கும் ஆலோசகராக விளங்கி, இரண்டாம் சிலுவைப் போருக்கு மன்னன் சென்றிருந்த காலத்தில் தேசத்தின் ஆட்சிப் பொறுப்பையே தாங்கியவர். தாம் செய்த திருப்பணியைப் பற்றி அவரே நூல்கள் எழுதி வைத்திருப்பதால், ஒரு பெருங்கட்டடம் எழும்போது கட்டுவித்தவரின் மனம் எவ்வாறு இயங்கியது என்பதை அறியும் அரிய வாய்ப்பு நமக்குக் கிடைத்திருக்கிறது.

பழைய ஆலயம் திருநாட்களில் கூடும் கூட்டத்தைத் தாங்க முடியாமற் போனதையும், நெரிசலில் பெண்கள் ஆடவரின் தலைகள் மீது கால்வைத்துப் பலிபீடத்தை அடைய நேர்ந்ததையும் அவர் விவரிக்கிறார். திருப்பணிக்கு நீண்ட மர உத்தரங்கள் தேவைப்பட்டபோது, அவ்வளவு பெரிய மரங்கள் இப்பிரதேசத்திலேயே இல்லை என்று தச்சர்கள் கைவிரித்துவிட்டனர். இரவு படுக்கையில் உறக்கமின்றி இதையே சிந்தித்திருந்த சுஜேர், விடியற்காலையில் எழுந்து, தேவையான உத்தரங்களின் அளவுகளைக் கையில் எடுத்துக்கொண்டு, தச்சர்களையும் உடனழைத்து, இவெலின் காட்டுக்குப் புறப்பட்டார். காடு காப்போர் அவரைப் பார்த்து நகைத்தனர். ஆயினும் முட்புதர்களுக்கும் அடர்ந்த நிழலுக்கும் நடுவே தேடிப் பிற்பகலுக்குள் பன்னிரண்டு மரங்களைக் கண்டுபிடித்ததாகவும், வேண்டியிருந்த எண்ணிக்கை அதுவே என்றும், அதற்குமேல் ஒன்றும் அகப்படவில்லை என்றும் அவர் எழுதுகிறார். அதைத் தெய்வ அருள் என்று அவர் கொண்டாடினாலும், அளவுகோலைக் கையிலெடுத்துக்கொண்டு சென்ற அந்தப் பக்தி, அக்காலத்து மனத்தை நமக்கு நன்கு உணர்த்துகிறது.

அவர் உள்ளத்தில் ஒளிக்கு ஏன் இத்துணை முதன்மை என்பதற்கு விடை அம்மடத்தின் நூலகத்தில் இருக்கிறது. பைசாந்திய சக்கரவர்த்தி 827-இல் காணிக்கையாக அனுப்பிய ஒரு கிரேக்கச் சுவடி சான் தெனியில் வைக்கப்பட்டிருந்தது. பரம்பொருளை ஒளியாகவும், படைப்பனைத்தையும் அவ்வொளியின் படிப்படியான பரவலாகவும் காணும் தத்துவ நூல்கள் அதில் அடங்கியிருந்தன. 9-ஆம் நூற்றாண்டில் ஜான் ஸ்கோட்டஸ் எரியுஜெனா அவற்றை லத்தீனில் பெயர்த்தார். அவற்றின் ஆசிரியர் புனித பவுலிடம் ஞானம் பெற்ற ஆதன்ஸ் நகரத்துத் தியோனிசியுஸ் என்றும், அவரே பாரிஸில் உயிர்த்தியாகம் செய்த சான் தெனி என்றும் மடத்தார் நம்பினர். உண்மையில் அந்நூல்கள் கி.பி. 500-ஐ ஒட்டிய காலத்தில் எழுந்தவை. மூன்று வேறு மனிதர்கள் ஒருவராகிவிட்டனர். இந்த அடையாளத்தை அம்மடத்திலேயே துறவியாக வாழ்ந்த பீட்டர் அபெலார் 1121-ஐ ஒட்டி ஐயுற்று வினவியபோது பெருங்கோபம் மூண்டு, அவர் இரவோடிரவாகத் தப்பி ஓட நேர்ந்தது. சுஜேர் அந்நூல்களை எவ்வளவு ஆழ்ந்து கற்றார் என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேற்றுமை உண்டு. ஆயினும், பொன் முலாம் பூசிய ஆலயக் கதவுகளில் அவர் பொறித்த செய்யுட்களில், பருப்பொருளின் ஒளி மனத்தைத் தூக்கி மெய்யொளிக்கு இட்டுச் செல்லும் என்னும் கருத்து ஐயத்துக்கு இடமின்றி ஒலிக்கிறது.

இந்த எழிலுக்கு எதிர்க்குரலும் அப்போதே எழுந்தது. கிளேர்வோ மடத்துப் பெர்னார்ட், 1125-ஐ ஒட்டி எழுதிய ஒரு நூலில், துறவியர் மடங்களில் விசித்திர மிருகச் சிற்பங்களும் பொன்னலங்காரங்களும் எதற்கு என்றும், ஏழைகள் பசித்திருக்கச் சுவர்களுக்குப் பொன் போர்த்துவது முறையா என்றும் கேட்டார். அவருடைய சிஸ்டர்சியன் சபை எழுப்பிய ஃபோந்த்னே ஆலயத்தில் சிற்பமில்லை, வண்ணமில்லை. தூய கல்லும் வெள்ளொளியும் மட்டுமே உண்டு. பெர்னார்டின் கண்டிப்பை ஏற்றுச் சுஜேர் தம் மடத்து ஒழுக்கத்தைத் திருத்தினார். ஆனால் கண்ணாடியையும் பொன்னையும் விடவில்லை. ஒரே சமயத்தில் இரு நெறிகளும் தத்தம் கட்டடங்களை எழுப்பின.

உந்துதலும் ஊன்றுதலும்

புதிய கட்டடக் கலையின் சிறப்பு அலங்காரத்தில் இல்லை. பாரத்தை நடத்திச் செல்லும் முறையிலேயே இருக்கிறது. கல்லால் வளைத்துக் கட்டிய கூரை கீழ்நோக்கி அழுத்துவதோடு நில்லாமல், தன்னைத் தாங்கும் சுவர்களைப் பக்கவாட்டில் வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். முந்திய ரோமனெஸ்க் கட்டடக் கலைஞர் இதற்குக் கண்ட பரிகாரம், சுவரைத் தடிக்கச் செய்வதும் சாளரத்தைக் குறுக்குவதும் ஆகும். கோதிக் கலைஞர் வேறு வழி கண்டனர். கூரையின் பாரத்தைக் குறுக்கு விலாவளைவுகள் வழியே குறிப்பிட்ட சில தூண்களுக்கு இறக்கினர். இம்முறை இங்கிலாந்தில் டர்ஹம் ஆலயத்தில் 1093-க்குப் பின் ஏற்கெனவே கையாளப்பட்டிருந்தது. அரைவட்ட வளைவை விடுத்துக் கூர்முனை வளைவைக் கொண்டதால் வெளித்தள்ளல் குறைந்தது. வெவ்வேறு அகலமுள்ள வளைவுகளையும் ஒரே உயரத்துக்கு எழுப்ப முடிந்தது. எஞ்சிய தள்ளலை எதிர்கொள்ள, ஆலயத்துக்கு வெளியே உயர்ந்த கல்தம்பங்களை நிறுத்தி, அவற்றிலிருந்து அந்தரத்தில் பாயும் சாய்வளைவுகளால் மேற்சுவரை ஊன்றிப் பிடித்தனர். எதிரெதிரே நின்று தோளோடு தோள் முட்டித் தள்ளும் இருவர் அந்தத் தள்ளலாலேயே விழாமல் நிற்பது போல, கூரையும் ஊன்றுவளைவும் ஒன்றையொன்று தள்ளி நிலைத்தன. சுவருக்குச் சுமக்கும் வேலை இல்லாது போகவே, அந்த இடம் முழுவதும் கண்ணாடிக்குக் கிடைத்தது.

கூரையின் தள்ளலை அவர்கள் ஒழித்துவிடவில்லை என்பதையும், அதை எதிர்கொள்ளும் உறுப்புகளை மறைக்கவில்லை என்பதையும் ஊன்றிக் கவனிக்க வேண்டும். 1194-ஆம் ஆண்டு ஜூன் 10-ஆம் நாள் தீயால் அழிந்து, ஏறத்தாழ ஒரு தலைமுறைக் காலத்தில் மீண்டும் எழுந்த ஷார்த்ர் பேராலயத்தைச் சுற்றி நடந்தால், சுமார் 37 மீட்டர் உயரத்திலுள்ள கூரை எப்படி நிற்கிறது என்பதை வெளியிலிருந்தே ஒவ்வோர் ஊன்றாக எண்ணிப் படித்துவிடலாம். உள்ளே கண்ணாடி வழங்கும் அமைதிக்கு வெளியே கல் நடத்தும் போராட்டம் காரணமாக அமைகிறது.

அந்த ஷார்த்ர் கல்விக்கும் தலைநகராயிருந்தது. தீக்குத் தப்பிய அதன் மேற்கு வாயிலில், 12-ஆம் நூற்றாண்டின் நடுவில் செதுக்கிய ஏழு கலைகளின் உருவங்கள் இன்றும் இருக்கின்றன. இலக்கணம் ஒரு மாதாக அமர்ந்து கையில் பிரம்பேந்தியிருக்கிறாள். காலடியில் இரு சிறுவர்கள் பாடம் படிக்கின்றனர். தர்க்கத்துக்குத் துணையாக அரிஸ்டாட்டிலும், இசைக்குத் துணையாகப் பித்தகோரசும் எழுதுபலகை மீது குனிந்திருக்கின்றனர். கிறிஸ்து பிறப்பதற்கு முன் வாழ்ந்த கிரேக்க அறிஞர்களுக்கு அன்னை மரியாளின் வாயிலிலேயே ஆசனம் இட்ட துணிவு, அவ்வூர்ப் பள்ளியின் சிந்தனையிலிருந்து வந்தது. முன்னோராகிய பெருவடிவினரின் தோள்மீது அமர்ந்திருக்கும் குள்ளர்களே நாம், அதனாலேயே அவர்களினும் தொலைவு காண்கிறோம் என்னும் கருத்தைப் பெர்னார்ட் என்னும் ஷார்த்ர் ஆசிரியர் கூறியதாக, பின்னாளில் அவ்வூர் ஆயராகவே அமர்ந்த சாலிஸ்பரி ஜான் 1159-இல் எழுதினார். அடுத்த நூற்றாண்டில் ஆலயத்தின் தென்புறச் சாளரங்களில், பழைய ஏற்பாட்டுத் தீர்க்கதரிசிகள் நால்வரின் தோள்களில் நற்செய்தி ஆசிரியர் நால்வரும் அமர்ந்திருப்பதாகக் கண்ணாடி ஓவியம் தீட்டப்பட்டது. பள்ளியின் கருத்தும் ஆலயத்தின் சித்திரமும் ஓரிடத்தில் இணைவதை இதைவிடத் தெளிவாகக் காண்பது அரிது.

பூர்வபட்சத்தின் பெருமை

சான் தெனியிலிருந்து தப்பி ஓடிய அபெலார், தர்க்க உலகில் ஒரு புதிய வாயிலைத் திறந்தவர். ஆம், அன்று என்னும் பொருள்படும் பெயருடைய தம் நூலில், 158 வினாக்களை வகுத்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் திருச்சபைத் தந்தையர் ஒருவருக்கொருவர் முரணாகக் கூறியவற்றை எதிரெதிரே நிறுத்தினார். முடிவு கூறாமலே விட்டார். ஐயத்திலிருந்தே ஆராய்ச்சியும் ஆராய்ச்சியிலிருந்தே உண்மையும் பிறக்கும் என்பது அவர் கொள்கை. அடுத்த தலைமுறையில் பீட்டர் லொம்பார்ட் அம்முரண்களுக்குச் சமாதானங்கள் கண்டு நான்கு நூல்களாகத் தொகுத்தார். சில நூற்றாண்டுகள் வரை இறையியல் மாணவர்க்கு அதுவே பாடநூல் ஆயிற்று.

இதற்கிடையே தொலேதோ போன்ற ஸ்பானிய நகரங்களில், அராபிய மொழியிலிருந்து அரிஸ்டாட்டிலின் நூல்களும் இபின் சீனா, இபின் ருஷ்து ஆகியோரின் விளக்கங்களும் லத்தீனுக்கு வந்து சேர்ந்தன. உலகம் அநாதி என்று கூறும் தத்துவம், படைப்பை நம்பும் சமயத்தின் மீது தள்ளிய விசை சாமானியமானதன்று. 1210-இல் பாரிஸில் அரிஸ்டாட்டிலின் இயற்கைத் தத்துவ நூல்களைப் போதிப்பது தடை செய்யப்பட்டது. தடை நிலைக்கவில்லை, 1255-இல் அதே பாரிஸ் சர்வகலாசாலையின் கலைப்பிரிவு அந்நூல்களையே பாடமாக விதித்தது. அரிஸ்டாட்டிலை விலக்குவதோ அவருக்குப் பணிவதோ அன்றி, மூன்றாவது வழியொன்றைக் கண்டவர் தாமஸ் அக்குவினாஸ். அவர் பாரிஸில் கற்பித்த ஆண்டுகளில் நோத்ர் தாம் பேராலயத்தின் குறுக்கு மண்டபங்கள் எழுந்துகொண்டிருந்தன.

அவருடைய தொகை நூலில் 500-க்கு மேற்பட்ட வினாக்களும், அவற்றின் உட்பிரிவுகளாக 2,600-க்கு மேற்பட்ட பகுதிகளும் உள்ளன. ஒவ்வொரு பகுதியும் ஒரே முறையில் அமைந்தது. முதலில் எதிர்வாதங்கள் எண்ணிட்டு வரிசையாக வைக்கப்படும். அடுத்து, அவற்றுக்கு மாறான ஒரு பிரமாணம். பின்னர் ஆசிரியரின் சித்தாந்தம். இறுதியில், எதிர்வாதம் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி மறுமொழி. இறைவன் உண்டா என்று வினவும் பகுதியையே எடுத்துக்கொள்வோம். துறவு பூண்டு, வாழ்நாளைச் சமயத்துக்கே அர்ப்பணித்த ஒருவர், அங்கே முதன்முதலாக எழுதிவைப்பது நாத்திகத்தின் வலிமை மிக்க இரண்டு வாதங்களை. எல்லையற்ற நன்மை ஒன்று இருக்குமாயின் தீமைக்கு இடமேது என்பது ஒன்று. உலகின் நிகழ்ச்சிகளை இயற்கையாலும் மனித சித்தத்தாலுமே விளக்கிவிடலாமாயின் இறைவன் எதற்கு என்பது மற்றொன்று. இவற்றைத் திரித்துக் கூறாமலும் வலுவிழக்கச் செய்யாமலும் வைத்த பின்னரே தம் ஐந்து நிரூபணங்களைத் தொடங்குகிறார். அவருடைய முடிவை ஏற்காதவரும் அந்த நேர்மையை ஏற்றே தீர வேண்டும். பூர்வபட்சம் இல்லாவிடில் சித்தாந்தத்துக்கு நிற்க இடமில்லை. அது தள்ளும் தள்ளலுக்கு ஈடாக எழுந்ததே ஆசிரியரின் விடை.

இம்முறை ஏட்டோடு நின்றுவிடவில்லை. திருவருகைக் காலத்திலும் தவக்காலத்திலும் நடந்த பொது விவாதங்களில் எவரும் எப்பொருள் பற்றியும் ஆசிரியரை வினவலாம். அவர் விடையிறுத்தாக வேண்டும். கட்டடக் கலைஞரும் இக்காற்றைச் சுவாசித்தவர்களே. 13-ஆம் நூற்றாண்டினரான வில்லார் த ஓனகூர் விட்டுச்சென்ற வரைபடச் சுவடியில், ஓர் ஆலயத்தின் பலிபீடப் பகுதிக்கான வரைபடத்தருகே, வில்லாரும் கொர்பி ஊர்ப் பியேரும் தமக்குள் வாதிட்டு இதைக் கண்டனர் என்று பொருள்படும் குறிப்பு இருக்கிறது. விவாதத்துக்குச் சர்வகலாசாலையில் வழங்கிய அதே சொல் அங்கே ஆளப்பட்டுள்ளது. 1267-இல் மறைந்த பியேர் த மோந்த்ரேய் என்னும் கலைஞரின் கல்லறைக் கல்வெட்டு, கல்தச்சர்களுக்குள் ஆசாரியர் என்று பொருள்படும் பட்டத்தால் அவரைப் போற்றியது. 1263-இல் மறைந்த யூக் லிபெர்ஜியேயின் கல்லறைப் பலகை ரைம்ஸ் பேராலயத்தில் இருக்கிறது. தலையில் குல்லாயும் நீண்ட அங்கியுமாகக் கல்விமான் போன்ற தோற்றத்தில், ஒரு கையில் ஆலயத்தின் சிறுவடிவையும் மறு கையில் அளவுகோலையும் ஏந்தி, காலருகே மூலைமட்டமும் கவராயமும் விளங்க அவர் நிற்கிறார்.

கலை வரலாற்றாசிரியர் எர்வின் பனோஃப்ஸ்கி 1951-இல் வெளியிட்ட சிறுநூலில், பள்ளித் தத்துவத்தின் பிரித்துத் தெளிவுறுத்தும் பழக்கமே கோதிக் அமைப்பை உருவாக்கியது என்று வாதிட்டார். கல்தச்சர் தத்துவம் கற்றவரல்லர் என்றும், கூரைக்கும் ஊன்றுக்கும் கல்லின் இயல்பே காரணம் என்றும் பின்வந்தோர் மறுத்தனர். மறுப்பில் நியாயம் உண்டு. தொகை நூல் ஆலயத்தைப் பெற்றது என்று நாமும் கூறவேண்டியதில்லை. ஒரே நகரத்தில், ஒரே குருமாரின் ஆதரவில், ஒரே தலைமுறையில் வளர்ந்த இரு தொழில்கள் எதிர்விசையைக் கையாளும் ஒரே தேர்ச்சியைப் பெற்றன என்று கூறுவதே போதும்.

கதிரவன் மண்டலத்து வட்டங்கள்

இலக்கியத்தில் இத்தேர்ச்சி முழுமை பெற ஒரு நாடு கடத்தப்பட்டவர் வரவேண்டியிருந்தது. ரோலாந்தின் வீரப்பாடலும் கிரெத்தியேன் த த்ருவாவின் ஆர்தர் கதைகளும் மக்கள் மொழிக்குப் பெருமை தேடித் தந்திருந்தன. எனினும் தத்துவம் லத்தீனுக்கே உரியது என்ற எண்ணம் மாறவில்லை. 1302-இல் அரசியல் பகையால் ஃபிளாரன்ஸ் நகரிலிருந்து விரட்டப்பட்ட தாந்தே, வானவியலையும் இறையியலையும் டஸ்கனி மக்களின் பேச்சுமொழியிலேயே காவியமாக்கினார். முகவுரையாக ஒன்றும், மூன்று உலகங்களுக்கு முப்பத்து மூன்று வீதமுமாக 100 காண்டங்கள். மொத்தம் 14,233 அடிகள். மும்மூன்று அடிகளாக அமைந்த செய்யுளில், ஒன்றன் நடு அடியின் இயைபு அடுத்ததன் முதலடியிலும் மூன்றாமடியிலும் தொடர்வதால், எந்தச் செய்யுளையும் தனியே கழற்றி எடுத்துவிட முடியாது. கல் கல்லைப் பற்றி நிற்கும் வளைவின் உறுதி அதில் இருக்கிறது.

விண்ணுலகப் பகுதியில் கதிரவன் மண்டலத்தைத் தாந்தே அடையும்போது, ஞானியர் பன்னிருவர் ஒளிவடிவாக அவரைச் சூழ்ந்து வட்டமிடுகின்றனர். வட்டத்தில் உள்ளோரைத் தாமஸ் அக்குவினாஸே ஒருவர் ஒருவராக அறிமுகம் செய்கிறார். சான் தெனியின் ஒளித் தத்துவத்துக்கு மூலமான தியோனிசியுஸும், முரண்களுக்குச் சமாதானம் கண்ட லொம்பார்டும் அங்கே இருக்கின்றனர். வட்டத்தின் கடைசியில், தாமஸின் இடப்பக்கத்தில் ஒளிர்பவர் பிரபாந்தைச் சேர்ந்த சீகர். இவர் அரிஸ்டாட்டிலைத் தீவிரமாகப் பின்பற்றிய பாரிஸ் ஆசிரியர். மண்ணுலகில் இவருடைய கூட்டத்தாரின் கொள்கையை மறுத்து 1270-இல் தாமஸே ஒரு தனிநூல் எழுதியிருந்தார். அந்த எதிராளியை விண்ணுலகில் தாமஸின் வாயாலேயே தாந்தே புகழவைக்கிறார். இரண்டாவது வட்டத்தில் பொனவெந்தூரா, தாம் வாழ்நாளில் ஏற்காத ஃபியோரே மடத்து ஜோகிமை அவ்வண்ணமே தம் பக்கத்தில் சுட்டுகிறார். மேலும் தொமினிக் சபைத் தாமஸ் பிரான்சிஸ்கு அடிகளின் சரித்திரத்தைப் பாட, பிரான்சிஸ்கு சபைப் பொனவெந்தூரா தொமினிக்கைப் பாடுகிறார். இருவரும் தத்தம் சபையாரின் குறைகளையே கடிந்துரைக்கின்றனர். போட்டியிட்ட இரு சபைகளும் ஒன்றன் சிறப்பை மற்றொன்றே எடுத்துரைக்கும் இந்த அமைப்பு, கூரையையும் ஊன்றையும் எதிரெதிரே நிறுத்திய கலைஞரின் மதிநுட்பத்தோடு வைத்து எண்ணத்தக்கது.

எல்லையும் படிப்பினையும்

இந்த யுகத்தைப் போற்றுவோர் அதன் எல்லையையும் கூறியாக வேண்டும். பொவே நகரத்தார் எல்லாரையும் விஞ்ச எண்ணிப் பேராலயக் கூரையை ஏறத்தாழ 48 மீட்டர் உயரத்துக்கு எழுப்பினர். 1284-இல் அதன் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. தாங்கும் தூண்களை இரட்டித்துச் செப்பனிட்டனர். ஆலயம் இன்றளவும் முற்றுப்பெறவில்லை. சிந்தனை உலகில், 1277 மார்ச் 7-இல் பாரிஸ் ஆயர் எத்தியேன் தாம்பியே 219 கொள்கைகளைக் கண்டனம் செய்தார். மறைந்து மூன்றாண்டே ஆன தாமஸின் கருத்துகள் சிலவற்றையும் அது தொட்டது.

இவற்றினும் கொடியது ஒன்று உண்டு. மன்னன் ஒன்பதாம் லூயியின் ஆணையால் சுவர்களெல்லாம் கண்ணாடியேயான சேன்ட் ஷபேல் ஆலயம் பாரிஸில் எழுந்து 1248-இல் அர்ப்பணிக்கப்பட்டது. அதே மன்னனின் ஆட்சியில், 1240-இல், யூதரின் தால்முத் நூல் விசாரணைக்கு உட்படுத்தப்பட்டது, ரபிகள் விடையிறுத்தனர், ஆனால் அது முடிவு முன்னமே தீர்மானிக்கப்பட்ட விவாதம். 1242-ஐ ஒட்டி வண்டி வண்டியாகச் சுவடிகள் வீதியில் எரிக்கப்பட்டன. தெற்கே 1209-இல் தொடங்கிய படையெடுப்பு, மாறுபட்ட நம்பிக்கையுடைய கதாரரின் ஊர்களை அழித்தது. இறந்துபோன கிரேக்கருக்கு வாயிலில் ஆசனம் தந்தவர்கள், உயிரோடிருந்த அண்டை வீட்டாருக்கு வட்டத்தில் இடம் தரவில்லை. எதிர்வாதத்தை ஏட்டில் ஏற்ற பண்பாடு, எதிர்வாதியை ஊரில் ஏற்கும் அளவுக்கு விரியவில்லை.

ஆகவே மத்திய காலத்தை இருண்ட காலமென்று ஒதுக்குவதும் பொற்காலமென்று புகழ்வதும் ஒருங்கே பிழையாகும். அக்காலமே நமக்கு ஓர் அளவுகோலை அளித்திருக்கிறது. அதைக்கொண்டே அதை அளத்தல் தகும். தனக்கு மாறான விசையை எவ்வளவு நேர்மையாக ஏற்றுத் தன் அமைப்புக்குள் இடம் தருகிறதோ, அவ்வளவுக்கே ஒரு கட்டடமோ ஒரு சாஸ்திரமோ ஒரு சமுதாயமோ உயர முடியும். ஷார்த்ர் கலைஞரும் தாமஸும் தாந்தேயும் இதைத் தத்தம் துறையில் நிறைவேற்றிக் காட்டினர். சமுதாயத்தை ஆண்டவர்கள் நிறைவேற்றவில்லை. அந்தக் கலைஞரும் ஞானியும் கவிஞரும் தம் தொழிலில் கண்ட நீதியை, மனிதர் மனிதரோடு கூடி வாழும் வாழ்விலும் நிலைநாட்டுவது, அவர்களுடைய பாரம்பரியத்தைப் போற்றுவோர் அனைவர்க்கும் உரிய கடமையாகும்.